நூறு மீட்டர் பலகை

அன்புள்ள அக்கா,

நாளைய பைக் பந்தயத்தில் முதல் மூவருக்குள் வந்தால்தான் அணியில் உனக்கு இடம் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் இன்று பயிற்சியின்போது, போன மாதம் நீ விழுந்த வளைவருகே போய் நின்றேன். எல்லாரும் வளைவுக்கு இன்னும் ஐம்பது மீட்டர் என்று காட்டும் பலகையில் பிரேக் பிடிக்கிறார்கள். நீ நூறிலேயே பிடிக்கிறாய்.

பிரேக்கில் கோளாறு என்றாயாம். மெக்கானிக் மாமா, "வாயில்லா ஜீவன்மேல பழி போடாதேன்னு உங்கக்காகிட்ட சொல்லு பாப்பா" என்று சிரித்தார்.

நீ பயப்படுவதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

ஆனால் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அங்கே அரை நொடி இழக்கிறாய். மற்றவர்கள் வளைவுக்குள் தடுமாறும்போது நீ முன்னதாகவே ஆக்ஸிலரேட்டரை முறுக்கி, நேர்ப்பாதையில் முக்கால் நொடி மீட்டுவிடுகிறாய்.

ஆகவே நாளை தைரியமாகப் பயப்படு. ஜெயித்துவிடுவாய்.

உன் தங்கை