உள்ளே போகாத பக்கங்கள்

மார்ச் 3, திங்கள். காலை 11.40. 612 பக்கங்கள்.

வெப் சர்வர் மென்பொருளின் ஆவணம் முழுவதையும் வீட்டில் இறக்கி, டிஸ்கில் பதிந்து, சிறையின் தணிக்கை அதிகாரி மேடத்தின் மேசையில் வைத்தாயிற்று. இறக்க எனக்கு ஒன்பது நிமிடம் ஆனது. அவருக்கு?

"ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு பக்கம் பார்ப்பேன் சார்."

"மேடம், இது உலகம் முழுக்க இலவசமா கிடைக்கிற ஆவணம். ஒளிக்க ஒண்ணுமே இல்ல."

"வெளிய இலவசம். உள்ள என் கையெழுத்து இல்லாம எதுவும் வராது."

இன்னொரு விதியும் உண்டு. டிஸ்குக்கு சீல் வைத்த பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மாற்றினால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து பார்ப்பார்.

என் வகுப்பில் எட்டுக் கைதிகள். இணையம் கிடையாது. ஏப்ரல் 24 தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். வகுப்புக் கணினிக்குள் இருப்பதைப் பார்த்து எழுதலாம், காகிதம்கூடக் கூடாது. ஆவணம் இல்லையென்றால் மனப்பாடம்தான். இந்த மென்பொருளை மனப்பாடம் செய்த மனிதன் இன்னும் பிறக்கவில்லை.

மார்ச் 5

வகுப்பு முடிந்ததும் டிரைவர் நின்றார். லாரி ஓட்டியவர், உள்ளே வந்து ஒன்பது வருடம். என்ன கேஸ் என்று நான் கேட்கக் கூடாது. கேட்கவில்லை.

"சார், மே மாசம் விடுதலைக் கமிட்டி முன்னாடி போறேன். இந்த சர்டிபிகேட் கையில இருந்தா பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும். இல்லன்னா அடுத்த கமிட்டி ரெண்டு வருஷம் கழிச்சு. பொண்ணு காலேஜ் சேர்றதுக்குள்ள வெளிய வரணும்."

"புத்தகம் வந்துரும். நல்லா படிங்க."

"எப்போ வரும்?"

எனக்கு மட்டும் தெரியுமா?

மார்ச் 12

மேடம் 175-ஆவது பக்கத்தில் இருக்கிறார். ஆமை இவரிடம் டியூஷன் படிக்கலாம்.

மார்ச் 19

வீட்டில் அறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அண்ணி துணி மடித்தபடியே சொன்னாள்: "கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டியா? தரை தேயுது. மிச்சம் இருக்கிறவங்களும் நடக்கணும்ல?"

அண்ணன் சிரிக்காத மாதிரி பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். என் கவலையை விளக்கத் தொடங்கினேன். பாதியில் நானே நிறுத்திவிட்டேன். எனக்கே கேட்கப் பொறுமை இல்லை.

மார்ச் 27

மேடத்திடமிருந்து போன். யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லை என்று அமைக்கும் பக்கத்துக்கு வந்திருக்கிறார்.

"இதைப் படிச்சா யார் உள்ள வரலாம், யார் வெளிய போகலாம்னு மாத்திக்கலாமா சார்?"

"சர்வர்ல மேடம். ஜெயில்ல இல்ல."

மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "தமாஷ் பண்றீங்க" என்றார். அந்த ஒரு பக்கத்துக்கே இன்றைய நாள் போய்விட்டது.

ஏப்ரல் 7

சீல் வைத்தாயிற்று! ஒருவழியாக.

சீலைக் கையில் எடுத்தபோது மேடம், "சார், ஒரு விஷயம், சில இடத்துல அழுத்தினா..." என்று ஆரம்பித்தார். "எல்லாம் வீட்டில சோதிச்சுப் பார்த்துட்டேன் மேடம். நீங்க சீலைப் போடுங்க" என்றேன். போட்டார்.

ஏப்ரல் 8

செத்தேன்.

டிரைவர்தான் முதலில் அழுத்தினார். முகப்பு வந்தது. அட்டவணை வந்தது. அட்டவணையில் ஒரு தலைப்பை அழுத்தினால் வெள்ளைத் திரை. அடுத்தது, வெள்ளை. லாக், அதாவது சர்வர் தன் பிழைகளை எழுதிவைக்கும் குறிப்பேடு, அதைப் பற்றிய பக்கம் வெள்ளை. முகவரி மாற்றும் பக்கம் வெள்ளை. மேலோட்டமான பக்கங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆழத்தில் இருப்பவை ஒன்றுகூட இல்லை.

இறக்கும் கருவிக்கு, லிங்குக்குள் லிங்காக எத்தனை அடுக்கு வரை போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். குறைத்துச் சொல்லியிருக்கிறேன். சரி, அது பிழை, யாருக்கும் வரும். ஆனால் சோதித்தேனே? ஒவ்வொரு லிங்காக அழுத்தினேனே? எல்லாம் திறந்ததே?

திறக்கத்தான் செய்யும். வீட்டில் வைஃபை ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்கில் இல்லாத பக்கத்தை எல்லாம் இணையம் ஓடி வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. இணையம் இல்லாத ஊருக்கு அனுப்பும் புத்தகத்தை இணையத்தை வைத்துச் சோதித்த மேதை நான்.

சோடாபுட்டி (கண்ணாடி அவ்வளவு கனம், எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார்) திரைக்கு மூக்கைக் கொண்டுபோய், "சார், எனக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னு நினைச்சேன். உங்களுக்கும் வெள்ளையாத்தான் தெரியுதா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 9

மேடத்தின் அறை. நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"விடுபட்ட பக்கத்தை மட்டும் புது டிஸ்க்ல தர்றேன் மேடம். அதை மட்டும் பாருங்க."

"புது டிஸ்க்னா முதல்லேர்ந்துதான் சார். எது பழசு, எது புதுசுன்னு உங்க வார்த்தைய வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது."

"மறுபடி இருபத்தஞ்சு நாளுக்கு மேல ஆகும்! தேர்வுக்குப் பதினஞ்சு நாள்தான் இருக்கு! ஒருத்தனோட வாழ்க்கை மேடம் இது, உங்களுக்குப் புரியுதா இல்லையா?"

கத்திவிட்டேன். காவலர் எட்டிப் பார்த்தார்.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "சில இடத்துல அழுத்தினா வெள்ளையா வருதுன்னு அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க விடல."

ச்சே. உண்மைதான். வந்துவிட்டேன்.

ஏப்ரல் 10

தூக்கம் இல்லை. மறுபடி போனேன். இந்த முறை உட்கார்ந்தேன். மன்னிப்பு கேட்டேன், சுமாராகத்தான் வந்தது. பிறகு, வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அவர் தண்ணீர் குடித்தார். ஃபேன் வேகத்தைக் குறைத்தார். நான் விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன்.

"பேப்பர் வேற விதி சார். கடிதம் மாதிரி. ஆளுக்கு வாரத்துக்குப் பத்துத் தாள் வரலாம். அன்னன்னைக்கே பார்த்து அனுப்பிருவேன்."

"தேர்வுல பேப்பர் அனுமதி இல்லையே மேடம்."

"பேப்பரைப் பார்த்து அவங்களே கம்ப்யூட்டர்ல அடிச்சா? நான் படிச்சு அனுப்பின தாள்தானே. வகுப்புல உட்கார்ந்து அடிக்கிறது வகுப்பு வேலை. அதுக்கு சீல் எதுக்கு?"

எனக்கு ஏன் தோன்றவில்லை? வெப் சர்வர் என்பதே பக்கங்களை எடுத்துக் கொடுக்கத்தான்! அவர்கள் அடிப்பதை வகுப்பு சர்வரே திறந்து காட்டிவிடும்.

ஏப்ரல் 11

எட்டுப் பேர், ஆளுக்குப் பத்துத் தாள், இரண்டு வாரம். விடுபட்டதில் பாதிகூடக் கொள்ளாது. எதை விடுவது? நானே ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு போனேன். வகுப்பில் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "உங்களுக்கு எது வேணும்?" என்றேன்.

சண்டை. சந்தைக்கடை தோற்றது. சோடாபுட்டிக்கு முகவரி மாற்றுவது வேண்டுமாம். ஒருவருக்குக் கடவுச்சொல் பக்கம். டிரைவர் கடைசியில் பேசினார்: "எனக்கு லாக் பக்கம். வண்டி நின்னா முதல்ல எங்க பார்க்கணும்னு தெரியணும். மிச்சத்தை அங்கேர்ந்து பிடிச்சுக்கலாம்."

என் பட்டியலில் லாக் கடைசியில் இருந்தது.

ஏப்ரல் 16

தட்டுகிறார்கள். சோடாபுட்டி ஒற்றை விரலால் தட்டுகிறார். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் ஒரு யுகம். பிடுங்கி நானே தட்டிவிடலாம் போல் கை அரிக்கிறது. முடியாது, நான் தட்டினால் அது வகுப்பு வேலை ஆகாது. ஜன்னலைப் பார்த்து நின்றேன்.

நேற்று மாலை முதல் பக்கம் திறந்தது. அவர்கள் அடித்த பக்கம், அவர்கள் சர்வரிலிருந்து. கைதட்டினார்கள். காவலர் ஓடி வந்தார்.

ஏப்ரல் 24

தேர்வு முடிந்தது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான் நிற்க விட்டார்கள். டிரைவருக்கு, பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பும் கேள்வி. அவர், சோடாபுட்டி அடித்திருந்த பக்கத்தைத் திறந்தார். எட்டிப் பார்த்தேன். முதலில் அதற்கான தொகுதியை, அதாவது சர்வரோடு சேரும் துணை நிரலை, இயக்கச் சொல்லும் வரி அந்தப் பக்கத்தில் இல்லை. அடிக்கும்போது தாண்டிவிட்டார் மனுஷன்.

டிரைவர் உள்ளதை உள்ளபடி செய்தார். சர்வர் எழவில்லை. மறுபடி. எழவில்லை. நெற்றியைத் துடைத்தார். கண்ணாடியைத் தட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் தேர்வே ரத்து. கைகளைக் கட்டிக்கொண்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் சும்மா நின்றதில்லை.

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். லாக்கைத் திறந்தார். மெதுவாக, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். இந்தக் கட்டளை என்னவென்றே தெரியவில்லை என்று சர்வர் புலம்பியிருந்தது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பின் மேல்பகுதிக்குப் போய், அணைத்து வைத்திருந்த தொகுதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றை இயக்கினார்.

எழுந்தது.

ஏப்ரல் 30

ஆறு பேர் தேர்ச்சி. டிரைவரும் அதில் உண்டு. சோடாபுட்டிக்கு நேரம் போதவில்லை. "ஒத்த விரலுக்கு இது அதிகம் சார், அடுத்த தடவ ரெண்டு விரல்" என்கிறார்.

மே 14, புதன்

கமிட்டி கூடியது. சான்றிதழைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். வெளியே போய் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம். "நின்னு போன சர்வரை ஓட வைப்பேன்னு சொன்னேன் சார். வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

திங்கட்கிழமை விடுகிறார்கள்.

நான் கிளம்பும்போது டிரைவர் கேட்டார்: "வெளிய அந்தப் பக்கம்லாம் நெட்ல தானா வருமா?"

"வரும்."

"சோடாபுட்டி விட்ட வரி?"

"அதுவும் இருக்கும்."

"அப்போ ரொம்ப சுலபம்" என்றார்.

செய்ய வேண்டியவை:

1. அடுத்த வகுப்புக்குப் புது டிஸ்க். வைஃபையை அணைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்ப்பது.
2. மேடத்திடம் கொடுத்துவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பது.
3. தாண்டிப்போன வரியை நான் சேர்க்கக் கூடாது. சோடாபுட்டி சேர்க்கட்டும், எத்தனை விரலானாலும்.
4. டிரைவரின் வேலைக்கு இரண்டு இடத்தில் கேட்டாயிற்று, இரண்டும் இல்லை. வெள்ளிக்கிழமை மூன்றாவது இடம்.
5. அண்ணியிடம் இன்றே சொல்வது: திங்கள் மதியம் சாப்பாட்டுக்கு இரண்டு பேர் கூடுதல். யார் என்று கேட்டால், என் மாணவரும் அவர் பொண்ணும்.