மந்திரியாரின் முதுகு

08.11.2004, திங்கள்
ஃபிறாவ் லிண்டமான் கிழவியின் வீட்டைக் கூலிக்குத் துடைத்துவிட்டு, வரவேற்பறையில் தொங்கும் மந்திரியாருக்கும் தூசி தட்டினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு எண்ணெய் ஓவியம். இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்தவராம். கறுப்புக் கோட்டு, கன்னம் நிறைய மயிர், நான் பிந்தி வந்ததைக் கண்டுபிடித்துவிட்ட பார்வை. கிழவியின் முதல் காலை வணக்கம் அவருக்குத்தான். எனக்கு இரண்டாவது. பதவி வித்தியாசம் இருக்கத்தானே வேணும்.

09.11
கிழவி போய்விட்டா. கதிரையில் இருந்தபடியே, மந்திரியாரைப் பார்த்தபடி. அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். படத்தை இறக்கி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாத்தினேன். செத்த வீட்டில் சாமிப் படத்தைத் திருப்பி வைப்பதுதானே எங்கள் வழக்கம். அங்கே சாமிப் படம் இல்லை. தினமும் வணக்கம் வாங்கியவர் இவர்தான்.

11.11
கிழவியின் தம்பி மகன் மியூனிக்கிலிருந்து வந்து, என்னிடம் இருந்த வீட்டுச் சாவியை வாங்கிவிட்டார். யாரோ படத்தைக் களவெடுக்க இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொலிசுக்கும் சொல்லிவிட்டார். படத்தின் விலைக்கு ஒரு வீடு வாங்கலாமாம். படச் சட்டம் முழுக்க என் கைரேகை — தூசி தட்டியவனுடையது இல்லாமல் வேறு யாருடையது?
திங்கட்கிழமை பொலிசில் டெர்மின், விசாரணைக்கு வரச் சொல்லி. கேஸ் விழுந்தால் எங்கள் ஜேர்மன் குடியுரிமை விண்ணப்பம் குப்பைக்கு.
மனைவி ஈஸ்வரி சொன்னாள்: "ஆமிக்குத் தப்பி வந்து, ஒரு படத்திட்ட மாட்டுப்பட்டியள்."
சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

12.11
வாசல் மணி அடித்தது. குளியலறைக்குள் போய் நின்றேன். பீட்சாக்காரன். மேல்வீட்டுக்கு.

15.11
மொழிபெயர்க்க மகள் அம்பிகா வந்தாள். கிழவியின் தம்பி மகனும் இருந்தார்.
"அப்பா, ஏன் திருப்பினீங்கள் எண்டு கேக்கினம்."
"செத்த வீடெண்டால் சாமியைத் திருப்பி வைக்கிறதுதானே, பிள்ளை."
"அவர் சாமியோ?"
"அவவுக்கு எண்டு சொல்லு."
சொன்னாள். பொலிஸ்காரர் எழுதுவதை நிறுத்தினார். தம்பி மகன் என்னையே பார்த்தார் — மந்திரியாரின் அதே பார்வை. பிறகு அறிவிப்பார்களாம். நம்பினார்களா? பொலிஸ்காரரின் கதிரையில் இருந்தால் நானே நம்பியிருப்பேனா?

24.11
ஒரு செய்தியும் இல்லை. தபால்பெட்டியைத் திறக்க ஈஸ்வரியைத்தான் அனுப்புகிறேன். வீரன்.

02.12
தம்பி மகன் எங்களுக்குப் போன் எடுத்தார். அவர் குரல் கேட்டதும் அம்பிகாவிடம் கொடுத்துவிட்டேன். கனநேரம் கேட்டாள்.
"முறைப்பாட்டைத் திருப்பி வாங்கிட்டாராம், அப்பா. படம் இன்னும் சுவரைப் பாத்தபடிதானாம். எப்ப மாட்டலாம் எண்டு கேக்கிறார்."
விரலில் நாள் எண்ணினேன். பிறகுதான், "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியட்டும் எண்டு சொல்லு."
"நீங்கள்தான் வந்து மாட்டவேணுமாம்."

09.12
குளித்துவிட்டுப் போனேன். மந்திரியாரின் முதுகில் ஒரு மாதத் தூசி. தட்டினேன். தம்பி மகனும் நானுமாகத் தூக்கி மாட்டினோம். காலை வணக்கம் சொல்ல ஆளில்லை. நான்தான் மெல்லச் சொன்னேன்.
வெளிக்கிடும்போது தம்பி மகன் வீட்டுச் சாவியை மேசையில் என் பக்கம் தள்ளி வைத்தார்.