மருந்தடிக்காத வரிசை

மாப்ளே,

இன்று காலை உன்னை வெண்டைக்காய்க்குள் பார்த்தோம். அடுப்படியில் அரிவாள்மனை முன் உட்கார்ந்திருந்த என் மனைவி, "இங்க வாங்க, வாத்தியாரண்ணன் வந்திருக்காரு" என்று கூப்பிட்டாள். நானும் பதறாமல் எழுந்து போனேன். நறுக்கிய காயின் பாதிக்குள் ஒரு பச்சைப் புழு, எங்களைச் சட்டை செய்யாமல் தின்றுகொண்டிருந்தது. நல்ல கொழுத்த புழு. "நம்ம கொல்லையில காய்க்கிறது இவருக்குப் போக மிச்சம்தான் நமக்கு" என்றாள். காயில் புழு வந்தால் உன் பெயரைச் சொல்லும் வழக்கம் நீ இருந்தபோதே வந்துவிட்டது. முதல் தடவை உன் முகத்துக்கு நேராகவே சொன்னாள். நீயும் புழுவின் சார்பில், "நல்லாயிருக்கியா தங்கச்சி?" என்று விசாரித்தாய்.

பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. நீ விலங்கியல் படித்துத் திண்டுக்கல்லில் வாத்தியார் ஆனாய். நான் வடமதுரையில் திருச்சி ரோட்டோரமாகப் பூச்சிமருந்துக் கடை போட்டேன். நீ உயிர்களைப் பற்றிப் பாடம் நடத்த, நான் அவற்றைக் கொல்ல மருந்து விற்கிறேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். ஆனாலும் பள்ளி விட்டதும் பஸ் ஏறி என் கடைக்கு வராவிட்டால் உனக்குச் சோறு இறங்காது. உரமூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, மருந்து வாங்க வருகிறவர்களைப் பிடித்துவைத்துப் பரிணாமம் பேசுவாய். நான் முறைத்தால், "செத்த நேரம் பொறு மாப்ளே, அண்ணனுக்கு வால் எங்க போச்சுன்னு சொல்லிட்டு வாரேன்" என்பாய்.

வால் என்றதும் அந்த மொபெட் சமாச்சாரம் நினைவுக்கு வருகிறது. மழைச் சேற்றில் வண்டி வழுக்கி நான் உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். வால் எலும்பில் அடி என்று டாக்டர் சொன்னார். அவ்வளவுதான், கடைவீதி முழுக்க "இவனுக்கு வால்ல அடி" என்று நீ தமுக்கு அடிக்காத குறை. வலியில் எனக்கு எரிச்சலாக வந்தது. வாலே இல்லாதவனுக்கு எதற்கடா வால் எலும்பு என்று உன்னிடமே கேட்டேன். "குடியிருந்தவன் காலி பண்ணிட்டுப் போனாலும் அவன் காலண்டர் மாட்டுன ஆணி சுவத்துல இருக்கும்ல, அதான்" என்றாய். நான் வலியை மறந்து யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வாரமே உங்கள் மாதா கோவில் திருவிழா விருந்து. நான் தலையணையோடு வந்து பந்தியில் உட்கார்ந்தேன். நீ கோழி இறக்கையைச் சுத்தமாகக் கடித்துவிட்டு எலும்புகளை இலை ஓரத்தில் அடுக்கினாய். மேலே ஒன்று, அதன் கீழே இரண்டு, பிறகு பொடி எலும்புகள், கடைசியில் விரல். பக்கத்தில் உன் கையை நீட்டி வைத்தாய். "ஆட்டு முன்னங்காலும் இதே வரிசைதான், கீழ ரெண்டும் ஒட்டிப்போயிருக்கும். வௌவால் இறக்கையும் இதேதான். ஒண்ணு பறக்குது, ஒண்ணு ஓடுது, ஒண்ணு சோத்தைப் பெசையுது. வேலை வேற வேற, எலும்பு வரிசை மட்டும் ஏன் ஒண்ணு? எல்லாம் ஒரே குடும்பம் மாப்ளே." எதிர் வரிசையில் இருந்த உன் அத்தைக்குப் பொறுக்கவில்லை. "கோவில் விருந்துல உக்காந்துக்கிட்டு, சாமி படைக்கலைங்கிறியா?" என்றார். "படைச்சாருத்தே. எப்படிப் படைச்சாருன்னுதான் எலும்பை வச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாய். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, உன் இலையில் இன்னொரு இறக்கையை வைத்தார்.

இதெல்லாம் எனக்குப் பொழுதுபோக்காகத்தான் இருந்தது, தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பருத்தி வருஷம் வரும் வரைக்கும்.

காய்ப்புழு அந்த வருஷம் பருத்தியைச் சூறையாடியது. வாரம் தவறாமல் மருந்தடித்தார்கள். கேட்கவில்லை என்றதும் அளவைக் கூட்டினார்கள். பிறகு இரண்டு மருந்தை ஒன்றாகக் கலந்து, இலையில் ஒட்டட்டும் என்று ஷாம்பு பாக்கெட்டையும் பிழிந்து ஊற்றி அடித்தார்கள். புழு குளித்துவிட்டு வந்த தெம்போடு தின்றது. கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மருந்து கலப்படம், கடைக்காரன் களவாணி. கடை திறந்த நாளிலிருந்து என்னிடமே வாங்கிய சின்னக்காளை அண்ணன்தான் முன்னால் நின்றார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "தண்ணியக் கலக்குறியா அப்பு?" என்று மெதுவாகக் கேட்டார். அடுத்த சந்தைக்குள் மருந்து நல்ல மருந்து என்று நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தனும் கடைப் படியை மிதிக்க மாட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பூச்சிமருந்துக் கடைக்காரனுக்கு அந்த ரோட்டில் ஒரு தடவை பெயர் கெட்டால் போர்டைக் கழற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் நீ வந்தாய். ஆறுதல் சொல்வாய் என்று பார்த்தால், பரிசு விழுந்தவனைப் போல முகம் மலர்ந்தது உனக்கு. எனக்கு உன்னை அடிக்கலாமா என்றிருந்தது.

"மருந்து நல்ல மருந்துதான் மாப்ளே. புழுதான் பழைய புழு இல்ல. ஊரைக் கூட்டிக் காட்டிருவோம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாணார்பட்டிப் பக்கம் போனாய். அங்கே மலையடிவாரத்தில் மானாவாரித் துவரை, மருந்து வாடையே காணாத காடு. அதிலும் இதே காய்ப்புழு உண்டு. அதில் கொஞ்சம் பிடித்து வந்தாய். சின்னக்காளை அண்ணன் பருத்தியிலிருந்து கொஞ்சம். குறை சொன்னவர்களே என் கடையிலிருந்து எடுத்து மூடி உடைத்த மருந்தில் இலைகளை நனைத்து, இரண்டு மிட்டாய் பாட்டிலில் புழுக்களைத் தனித்தனியாக அடைத்தாய். மறுநாள் காலை ஊரே வந்து நின்றது. பாட்டிலைப் பார்த்தால், இரண்டிலும் தடித்தடியாக ஒன்றிரண்டு புழுக்கள், மற்றதெல்லாம் வெறும் தோலும் தலையும். ஒன்றை ஒன்று தின்று தீர்த்துவிட்டன. காய்ப்புழு கூடப்பிறந்ததையே தின்னும் என்று வகுப்பில் நடத்துகிறவன் நீ. பரபரப்பில் அதை மறந்து, ஒரே பாட்டிலில் பந்தி போட்டுவிட்டாய்.

"மருந்தைவிடப் புழுதான் புழுவை நல்லாக் கொல்லுது. அதையே அடைச்சு வில்லு அப்பு" என்றார் சின்னக்காளை அண்ணன். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நீ பக்கத்து ஓட்டலின் பின்பக்கம் போய்க் கொட்டாங்கச்சி பொறுக்க ஆரம்பித்தாய்.

இரண்டு காட்டிலும் மறுபடி புழு பிடித்து வந்தாய். இந்தத் தடவை ஒரு கொட்டாங்கச்சிக்கு ஒரு புழு. மூடிக் கட்ட மெல்லிய துணி வேண்டும் என்று என் வீட்டுக்குப் போய் நின்றாய். என் மனைவி சின்னாளபட்டியில் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சுங்குடிச் சேலைகளில் இரண்டை எடுத்துக் கொடுத்தாள். "கிழிச்சுக்கங்கண்ணே. கடை இருந்தாத்தானே புதுச்சேலை" என்றாளாம். பருத்திப் புழுவுக்குச் சிவப்புத் துணி, துவரைப் புழுவுக்குப் பச்சைத் துணி. இரண்டிலும் சிலவற்றுக்கு மட்டும் வெறும் தண்ணீரில் நனைத்த இலை, புழு பட்டினியிலோ புழுக்கத்திலோ செத்ததா என்று பின்னால் பேச்சு வரக் கூடாது என்பதற்காக. எல்லாவற்றையும் கடைக்குள் வரிசையாக வைத்துப் பூட்டி, சாவியைச் சின்னக்காளை அண்ணன் இடுப்பிலேயே சொருகச் சொன்னாய்.

சந்தையன்று அவர் கையாலேயே பிரித்தார். தண்ணீர் இலைப் புழுக்கள் எல்லாம் நெளிந்தன. பச்சைத் துணியை அவிழ்த்தார், செத்துக் கிடந்தது. அடுத்ததும் செத்தது, அதற்கடுத்ததும். சிவப்பை அவிழ்த்தார். ஒன்றிரண்டு தவிர எல்லாம் உயிரோடு இலையை அரித்துக்கொண்டிருந்தன. ஒரே பாட்டில் மருந்து, ஒரே அளவு. சின்னக்காளை அண்ணன் என் பக்கம் திரும்பி, "மருந்துல கோளாறு இல்ல அப்பு" என்றார். அத்தனை பேர் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. உரமூட்டையை நகர்த்துகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

நீ மட்டும் இன்னும் எதற்கோ காத்திருந்தாய். கடைசிப் பச்சைத் துணியை அவர் அவிழ்த்தபோது உள்ளே புழு உயிரோடு இருந்தது.

"ஏன் வாத்தியாரே, இது மருந்தையே பாத்ததில்லையே. இது எப்படிச் சாகாம கெடக்கு?"

நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். "இதைத்தாண்ணே எல்லாரும் கேக்கணும்."

"பருத்திப் புழு பழகிப்போச்சுன்னு வையி. நானும் பிராந்தி குடிச்சுப் பழகுனவன்தான். இதுக்குப் பழக ஏது நேரம்?"

"நீங்க குடிச்சுப் பழகிட்டீங்க. உங்க மகன் பொறக்கையிலேயே பழகியா பொறந்தான்?"

"அவன் மோந்து பாத்தாலே வாந்தி எடுப்பான்."

"பாத்தீங்களா. பழகுனது பிள்ளைக்குப் போகாது. கூடவே பொறந்ததுதான் போகும். ஒரே தாய் இட்ட முட்டையில வந்தாலும் எல்லாம் ஒண்ணுபோல இருக்காது. அம்புட்டுலயும் எங்கயோ ஒண்ணு ரெண்டுக்கு இந்த மருந்தைத் தாங்குற உடம்பு தற்செயலா அமைஞ்சிருக்கும். துவரைக் காட்டுல அதுனால அதுக்கு ஒரு லாபமும் இல்ல, கூட்டத்தோட கூட்டமா இருக்கும். உங்க காட்டுல என்ன நடந்துச்சு? தாங்காததை எல்லாம் நீங்க கொன்னீங்க. தாங்குனது மட்டும் தப்பிச்சு முட்டை போட்டுச்சு. அந்தப் பிள்ளைகளுக்கும் அதே உடம்பு. மறுபடி அடிச்சீங்க, மறுபடி அதுலயும் வலுத்தது மிஞ்சுச்சு. புழு எந்தப் பாடமும் படிக்கலண்ணே. வாராவாரம் மருந்தை ஊத்தி நீங்கதான் பொறுக்கி எடுத்து வளத்திருக்கீங்க."

சின்னக்காளை அண்ணன் அந்த ஒற்றைப் புழுவை வெகுநேரம் பார்த்தார். "அப்ப நல்ல கெடாயப் பாத்து ஆட்டுக்கு விடுற மாதிரி, நான் புழுவுக்குப் பாத்து விட்டிருக்கேன்" என்றார். அதைவிட நன்றாக எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டே போனாய்.

அடுத்து நீ சொன்னதுதான் அவர்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. மருந்தைக் குறைக்க வேண்டும், கண்ணில் படுகிற புழுவைக் கையால் பொறுக்க வேண்டும், அடித்தே தீர வேண்டுமென்றால் ஓரத்தில் ஒரு வரிசையை மருந்தில்லாமல் விட வேண்டும் என்றாய். புழுவுக்கு விருந்தா என்று கேட்டார்கள். "மருந்துக்குச் சாகுற ஏமாளிப் புழுவும் உயிரோட இருக்கணும்ணே. இங்க தப்பிச்ச முரட்டுப் புழு, அங்க இருக்கிற ஏமாளியோட சேந்தாத்தான் அடுத்த தலைமுறைக்கு மருந்து கேக்கும். ஏமாளி அம்புட்டையும் கொன்னுட்டா, முரடும் முரடும்தான் சம்பந்தம் பண்ணிக்கும்." தலையைச் சொறிந்துகொண்டே சின்னக்காளை அண்ணன் மட்டும் அடுத்த வருஷம் ஒரு வரிசை விட்டார். பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கிலோக் கணக்கில் சொத்தைக் காய் பொறுக்குவது குறைந்தது, மருந்து கொஞ்சம் கேட்டது. பார்த்து இன்னும் நான்கைந்து பேர் விட்டார்கள்.

என் கடைப் பெயரைக் காப்பாற்றினாய், கையோடு என் வியாபாரத்தையும் பாதியாக்கினாய். உனக்கு அதிலும் ஒரு சிரிப்பு. நான் விதை, பூச்சிப் பொறி, தெளிப்பான் என்று மாறிக்கொண்டேன். "சூழ்நிலை மாறுச்சு, நீ பிழைச்சுக்கிட்டே மாப்ளே" என்று கேலி செய்தாய். அந்தக் கேலியைக் கேட்க இன்றைக்கு எதையும் கொடுப்பேன்.

சர்க்கரைப் புண்ணோடு நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மருந்தை மாற்றி மாற்றிப் போட்டார்கள். கிருமி எதற்கும் அசையவில்லை. டாக்டர் அதைச் சொல்லிவிட்டுப் போனதும் நீ கட்டிலில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, "இதுவும் சின்னக்காளை அண்ணன் பருத்திக்காடுதான் மாப்ளே. எங்கெங்கயோ அரைகுறையா மருந்து சாப்பிட்டவன் மிச்சம் விட்டது என் கால்ல வந்து குடியேறியிருக்கு" என்றாய். பக்கத்துக் கட்டில்காரர் என்ன ஏது என்று கேட்க, அவருக்கும் பாடம் நடத்தினாய். எனக்கு உன் மேல் கோபம் கோபமாக வந்தது. சாகப்போகிறவன் இப்படியா சந்தோஷமாகப் பேசுவான்?

போன மாதம் கடைக்கு ஒருவர் வந்தார். சாணார்பட்டிப் பக்கம், தக்காளி போட்டிருக்கிறாராம். முன்னே பின்னே பார்த்ததில்லை. மருந்தை எடுத்துக்கொடுத்துவிட்டு வழக்கம்போல, ஓரத்தில் ஒரு வரிசை விட்டுவிடுங்கள் என்றேன். "வாத்தியார் வரிசைதான? அதெல்லாம் விட்டாச்சுண்ணே" என்றார். எந்த வாத்தியார் என்று கேட்டேன். "தெரியலையே. எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவாக" என்றார். எனக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்க வரவில்லை. அவரை உரமூட்டை மேல் உட்காரவைத்து, டீ சொல்லி, கொட்டாங்கச்சியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் இரண்டு பேர் மருந்துக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களும் கேட்டார்கள்.

இன்று காலை அந்தப் புழுவை, காயோடு சேர்த்து, கொல்லைக்கு எடுத்துப் போனேன். சுவரோரம் மருந்தே படாத உன் வரிசை வெண்டை நிற்கிறது. "கொண்டுபோய் ஊட்டி விடுங்க" என்று அவள் உள்ளே இருந்து சிரித்தாள். இலையில் வைத்தேன். செத்த நேரம் சும்மா கிடந்தது. பிறகு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தண்டில் ஏறி அடுத்த காய்க்குப் போனது. தின்னு மாப்ளே, அது உன் பங்கு.