பேருந்தின் முன் இருக்கை

என் தங்கச்சிக்கு,

உன் மகள் சௌக்கியம். சளி, இருமல் எதுவும் இல்லை. இருந்தாலும் விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்காமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து அவளை அழைத்துக்கொண்டு போ. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், ஒரே தூசி.

தூசி என்று சும்மா சொன்னேன்.

நேற்று அவளுக்குச் செருப்பு வாங்கப் பேருந்தில் போனோம். முன்பக்கம் நம் நிறத்து ஆட்களுக்கு, பின்பக்கம் உன் வீட்டுக்காரர் நிறத்து ஆட்களுக்கு என்பது உனக்குத் தெரியாததா? பிள்ளை அப்படியே அவள் அப்பா நிறம். என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

நடத்துனர் வந்து, "இது யாரும்மா? பின்னாடி போகச் சொல்லுங்க" என்றார்.

அந்த நெரிசலில் அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. வேலைக்காரியின் பிள்ளை என்றால் முதலாளியம்மா பக்கத்தில் நிற்கலாம், அதற்கு மட்டும் விதியில் இடம் உண்டு.

"எங்க வீட்டு வேலைக்காரி பொண்ணு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

எழுந்திரு என்று நான் சொல்லவில்லை. அவளாகவே இருக்கையை விட்டு எழுந்து நின்றாள். இறங்கும்போது என் கைப்பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தாள். ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டால், "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறமா சாப்பிடுறேன்" என்கிறாள். பெரியம்மா என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை.

நீயே நேரில் வா. நான் அழைத்து வந்தால் அதே பேருந்துதான். நடத்துனர் அதே கேள்வியைத்தான் கேட்பார். என்ன சொல்வேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

உன் அக்கா