முட்டை அடித்த கை

குன்னூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ளவளுக்கு ஸலாம்.

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணாமல் இருக்கிறது பார். கை நடுக்கத்துக்காக ஆபரேஷன் செய்து தலைக்குள் வைத்த கம்பி நன்றாகவே வேலை செய்கிறது.

நேற்று கோயம்புத்தூர் டாக்டரம்மா பதறிப்போய்க் கூப்பிட்டார். நான் கட்டியிருக்கிற வாட்ச், கை நடுக்கத்தை அளந்து அவருடைய கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறதல்லவா? அதைப் பார்த்துத்தான் தலைக்குள் எவ்வளவு கரண்ட் விடலாம் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது.

“ஏனுங்க பாய், ரெண்டு வாரமா தெனமும் காலையில கை பயங்கரமா நடுங்குதுங்களே! கரண்டைக் கூட்டச் சொல்லுது.”

“நடுக்கம் இல்லீங்க டாக்டர். ஆம்லெட்டுக்கு முட்டை அடிக்கிறேனுங்க.”



“நீங்களா? ஊட்டுல அவங்க இல்லீங்களா?”

“மகளப் பார்க்க அவ ஊரு ஸ்ரீமதுரைக்குப் போயிருக்காங்க.”

அதற்கு மேல் சொல்லவில்லை. ‘நீ இல்லாட்டியும் எனக்கு எல்லாம் நடக்கும்’ என்று நான் கத்தியதெல்லாம் டாக்டருக்கு எதற்கு? ஆம்லெட்டில் பாதி தோசைக்கல்லிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதையும் சொல்லவில்லை.

டாக்டரம்மா சிரித்தார். “இது நடுக்கமில்ல, சமையல்னு கம்ப்யூட்டருக்குக் கத்துக்கொடுக்கணுமுங்க. இந்தச் சமையல் கொஞ்ச நாளைக்கா, இல்ல இனி எப்பவுமேவா?”

அதைக் கேட்டதும் கை நிஜமாகவே நடுங்கியது. வாட்ச் அதையும் அனுப்பியிருக்கும்.

“கொஞ்ச நாளைக்குத்தானுங்க” என்று சொல்லிவிட்டேன். டாக்டரிடம் பொய் சொன்னவனாக என்னை ஆக்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்.