துவைத்துப் போட்ட சமாதானம்

அன்பு மகளுக்கு, அம்மா ஆசையோடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் ஐந்து பூனைகளும் நலம், அதில் பூனைகளின் நலத்தை மட்டும் பாதியாகக் குறைத்து எடுத்துக்கொள். அங்கே நீ நலம்தானா என்று எப்போதும் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இந்த முறை அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ ஒன்று சொல்வதற்குள் நான் மூன்று சொல்லிவிடுகிறேன், நீயும் சரிம்மா சரிம்மா என்றுவிட்டு அப்பாகிட்ட குடும்மா என்கிறாய். அந்த அப்பாகிட்ட குடும்மாவைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது. மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது, இது பொறாமையில் எழுதுகிற கடிதம்தான். நீ அப்பாவிடம் சொன்ன ஒன்றை என்னிடம் சொல்லவில்லை, அது எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசி வரைக்கும் என்னிடம் எதுவும் சொல்லாத பெண்ணாகவே இருந்துவிடுவாயோ என்றுதான் பயமாக இருக்கிறது. எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டுமானால் பூனைச் சண்டையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், பொறுமையாகப் படி.

நீ கல்யாணமாகிப் போகும்போது ஒரே ஒரு பூனையைத்தான் விட்டுப்போனாய். இப்போது அவளுக்குப் பெரியவள் என்று பெயர், ஏனென்றால் அவளுக்குக் கீழே நான்கு சேர்ந்துவிட்டன. சாம்பல் நிறக் குண்டன் மேனேஜர், நான் இஸ்திரி போடும்போது மேஜை மேல் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பெயர். மூக்கில் கறுப்புப் புள்ளி உள்ளது பட்டன். மற்ற இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த தடியன்கள், எது எது என்று எனக்கே தெரியாது, கூப்பிட்டால் இரண்டுமே வராது. இத்தனைக்கும் மீன் வேகவைத்து முள் எடுப்பது நான், அவை ஒதுங்குகிற மணல் தட்டைக் கழுவுவது நான், கண்ணில் பீளை கட்டினால் துடைப்பது நான். உங்கப்பா பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். ஐந்தும் அவர் மேல்தான். மடியில் ஒன்று, தோளில் ஒன்று, மிச்சம் மூன்றும் நீ முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பினாயே அந்தப் பழுப்பு ஸ்வெட்டர், அதன் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக. அந்த முதல் சம்பளத்தில் எனக்கு நீ வாங்கி அனுப்பியது இஸ்திரிப் பெட்டி. நல்ல பெட்டிதான், இன்றைக்கும் சூடு குறையவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அவருக்கு ஸ்வெட்டர், எனக்கு இஸ்திரிப் பெட்டி.

போன மாதம் என்னிடம் சலவைக்குப் போடுகிற ஓட்டல்காரர் ஒரு மூட்டை விரிப்புகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். தலையணை உறையில் பூனை முடி இருந்ததாம், தங்க வந்தவர் தும்மித் தீர்த்துவிட்டாராம். இத்தனை வருஷத் தொழிலில் என் சலவையை யாரும் திருப்பி அனுப்பியதில்லை, உனக்கே தெரியும். எனக்கு வந்த ரோஷத்தில் வீட்டில் பூனை படுக்கிற துணி ஒன்று விடாமல் வாரினேன். கூடை மெத்தைகள், சோபா உறை, கதவோர மிதியடி, பெரியவளின் பழைய போர்வை, எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் ப்ளீச் போட்டு இரண்டு முறை அலசினேன். தரையையும் சுவரோரங்களையும் மருந்து ஊற்றித் துடைத்தேன். அப்போது நாற்காலியில் அந்த ஸ்வெட்டர் கிடந்தது. அதற்கும் ஓட்டல்காரருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்கப்பா முடிவெட்டப் போயிருந்தார், எடுத்துப் போட்டேன். பொறாமையில்தான் போட்டேன், ஆனால் கை தொழிலை மறக்கவில்லை பார், கம்பளிக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் விட்டேன், முறுக்கிப் பிழியாமல் விரித்துத்தான் காயவைத்தேன். சுருங்கவில்லை. அன்று சாயங்காலம் வீடு மணத்தது பார், அப்படி ஒரு சுத்தம். எனக்கு என்னையே தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது.

தோட்டத்தில் திரிந்துவிட்டு ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. மேனேஜர் மெத்தையை முகர்ந்தது, பட்டனை முகர்ந்தது, முதுகை வளைத்துச் சீறியது. பட்டன் அதன் கூடப் பிறக்காத தம்பி மாதிரி, ஒரே தட்டில் தின்று வளர்ந்தது, அதன் மேலேயே மேனேஜர் பாய்ந்துவிட்டது. பெரியவள் அலமாரி உச்சிக்கு ஏறியவள் இறங்கவில்லை. தடியன்கள் ஒன்றையொன்று தெரியாதவர்கள் மாதிரி முறைத்துக்கொண்டு நின்றன. எலியும் பூனையுமாக என்று சொல்வோமே, இங்கே பூனையும் பூனையுமாகவே நடந்தது. அடுத்த நாள் பார்த்தால் ஓட்டலுக்கு மடித்து வைத்திருந்த விரிப்பின் மேல் யாரோ நனைத்து வைத்திருக்கிறார்கள். சோபாவில், கதவில், என் செருப்பில். பட்டனுக்குக் காது கிழிந்தது. உங்கப்பா நாற்காலியில் இருந்தபடியே என்னடி பண்ணினே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சுத்தம் பண்ணினேன் என்றேன். அவர் ஸ்வெட்டரை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

பட்டனைத் தூக்கிக்கொண்டு பூனை டாக்டரம்மாவிடம் ஓடினேன். உன் வயதுதான் இருக்கும். காதுக்கு மருந்து போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அம்மா நீங்க வீட்டையே துடைச்செடுத்துட்டீங்க, அதுங்களுக்கு மூஞ்சி முக்கியமில்ல, வாசனைதான், எல்லாரோட வாசனையும் கலந்திருந்தாத்தான் நாம எல்லாம் ஒரே வீடுன்னு தெரியும், இப்போ அஞ்சும் அஞ்சு அன்னியங்க என்றாள். பிரித்து வைக்கச் சொன்னாள். ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு மணல் தட்டு. ஒரு துண்டை எடுத்து ஒரு பூனையின் கன்னத்தில் தடவி, அதே துண்டால் அடுத்ததைத் தடவி, இப்படியே ஐந்தையும். மூடிய கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாப்பாடு, நாள் போகப் போகக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். இவ்வளவும் செய்துவிடுவேன், அடுத்து சொன்னாள் பார், அந்தத் துண்டைத் துவைக்கவே கூடாதாம். சலவைக்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா. அப்புறம் நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள். நீங்க அதுங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கீங்க போல, பூனைக்கு அது பிடிக்காது, பேசாம உட்கார்ந்திருக்கிறவங்ககிட்டதான் அதுங்களா வரும் என்றாள். சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு திறமை என்றால் நம் வீட்டுச் சுவருக்கும் ஒரு பாராட்டு விழா எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆக வீடு இரண்டாகப் பிரிந்தது. முன்னறையில் உங்கப்பா, பெரியவள், தடியன்கள். பின்னால் இஸ்திரி அறையில் நான், மேனேஜர், நடுவில் வலைத்தடுப்பு வைத்து அந்தப் பக்கம் பட்டன். துண்டு மட்டும் தூது போய் வந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் நான் உள்ளே விரிப்புகளுக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே உங்கப்பா போனில் பேசுகிற குரல். வழக்கமாக முன்னறையில் உட்கார்ந்து பேசுகிறவர், அங்கே சண்டைச் சத்தம் என்று பின்வாசலுக்கு வந்திருக்கிறார் போல. தனி ரூம்ல பயமா இல்லையாம்மா என்றார். கதவுக்கு உள்தாழ்ப்பாள் நல்லா இருக்கா என்றார். அப்புறம் நிறைய நேரம் ம், ம் என்று மட்டும் கேட்டது, நீ பேசினாய் போல. கடைசியில், மாப்பிள்ளை வீட்டுக்குத் திரும்பிப் போறதும் போகாததும் உன் இஷ்டம், அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன், உனக்கு எப்போ சொல்லணும்னு தோணுதோ அப்போ சொல்லு என்றார். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது அம்மாடி. ஒட்டுக் கேட்டேன் என்று நினைக்காதே, ஜன்னல் திறந்திருந்தது, அதை மூடத்தான் கை வரவில்லை. மேஜை மேலிருந்த மேனேஜர் என்னை நிமிர்ந்து பார்த்தது. ஆறுதல் சொல்ல வந்தது என்று நினைத்துவிடாதே, பார்த்துவிட்டு வாலை நக்கப் போய்விட்டது.

அன்றைக்கு எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். பெண் புருஷன் வீட்டை விட்டுத் தனியறையில் இருக்கிறாள் என்று கேட்ட ஒரு தாய்க்கு முதலில் எது வர வேண்டும். எனக்கு, அவரிடம் சொல்லியிருக்கிறாளே என்றுதான் வந்தது. அழுகை அதற்குப் பின்னால்தான் வந்தது, வந்தபிறகு நிற்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு முன்னறைக்குப் போனேன். மனுஷன் ஒன்றும் நடக்காத மாதிரி பெரியவளின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். என்ன சமைக்கலாம் என்று என்னையே கேட்கிறார். பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்பது இவருக்காகவே சொன்னது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாமே, அதுபோல் தான் வாயை மூடிக்கொண்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் தெரியாத மாதிரியே முட்டை உடைத்து ஊற்றினேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி உன்னைப் பிடித்துத் தள்ளிவிட்டாள் என்று நீ அழுதுகொண்டு வந்தபோது, உன் கண்ணீர் காய்வதற்குள் நான் அவள் வீட்டு வாசலில் நின்றேன். அடுத்த நாளிலிருந்து உன்னோடு யாரும் பேசவில்லை என்று ஒரு வருஷம் கழித்து அப்பாவிடம்தான் சொன்னாய். கறையைக் கண்டால் எனக்கு உட்கார முடியாது, அது என் குணம், அதை வைத்துத்தான் இந்த வீட்டையே நடத்தினேன். ஆனால் கேட்டுக்கொள், எனக்குத் தெரிந்த பிறகு நான் மாப்பிள்ளைக்குப் போன் பண்ணவில்லை. அவர் அம்மாவுக்கும் பண்ணவில்லை. ஒரு முறை எண்ணை அழுத்திவிட்டு மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன், அதோடு சரி. அவர் கை நீட்டினாரா, வேறு ஏதாவதா, திரும்பிப் போவாயா, ஒன்றையும் யாரிடமும் கேட்கவில்லை. துவைக்கக் கூடாத துண்டு ஒன்று வீட்டில் நாறிக்கொண்டு கிடக்கிறது, அதைக்கூடத் தொடாமல் வைத்திருக்கிறேன். என்னை உனக்குத் தெரியும், இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும்.

பூனைகள் இப்போது ஒரு மாதிரி ஒத்துப்போகின்றன. கதவை முக்கால்வாசி திறந்துவிட்டோம். மேனேஜரும் பட்டனும் முதுகைத் திருப்பிக்கொண்டாவது ஒரே நேரத்தில் தின்கின்றன, டாக்டரம்மா அதுவே பெரிசும்மா என்றாள். தடியன்கள் சேர்ந்துவிட்டன. பெரியவள் மட்டும் எல்லார் தட்டையும் முகர்ந்துவிட்டுத்தான் உட்காருவாள். நேற்று எல்லாமாகச் சேர்ந்து திரும்பவும் யார் மேல் ஏறின என்று நான் எழுதப்போவதில்லை, எழுதினால் பேனா காகிதத்தைக் கிழித்துவிடும். நானும் ஒரு சாயங்காலம் முழுக்க எதையும் பார்க்காமல் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கால்தான் மரத்துப்போனது. உங்கப்பா சிரித்தார்.

உனக்கு இரண்டு வார்த்தை சொல்கிறேன், புத்திமதி என்று எடுத்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு, தனியாள்தானே என்று ரொட்டியைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டாதே. அறைச் சாவிக்கு இன்னொன்று செய்து கூட வேலை செய்கிற நம்பிக்கையான பெண் யாரிடமாவது கொடுத்து வை. வேலையை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதே, இந்தக் கடிதத்தைக்கூட நீ வேலை செய்கிற இடத்து விலாசத்துக்குத்தான் போடுகிறேன். அழ வேண்டும் போலிருந்தால் எனக்கும் ஒரு நாள் போன் பண்ணி அழு, நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருப்பேன், சத்தியம் பண்ண மாட்டேன், முயற்சி பண்ணுவேன். இங்கே வர வேண்டும் என்று தோன்றினால் காரணம் தேடாமல் வா, உன் அறை அப்படியே இருக்கிறது, ஒரு தடியன் படுத்திருக்கும், தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். நீ திரும்பிப் போனாலும் போகாவிட்டாலும் நீ என் பெண், நல்லா இருப்பாய், நல்லா இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வராது என்று உன் தலையில் கை வைத்துச் சொல்கிற மாதிரி நினைத்துக்கொள்.

முக்கியமான ஒன்று, மறந்துவிடாதே. அடுத்த முறை அப்பாவோடு பேசும்போது இப்படி ஒரு கடிதம் வந்தது என்று மூச்சு விடாதே. எனக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டாம், என்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறோம் என்றே இருக்கட்டும், பாவம். உனக்கும் அவருக்கும் நடுவில் எத்தனையோ இருக்கிறது. உனக்கும் எனக்கும் என்று, அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா