ஐந்து டாலர் அபராதமும் உன் அப்பாவும்

யங்ஸ்டவுன், ஒஹாயோ
குருத்து ஞாயிறு, 1999

அன்பு மகள் லோரெயினுக்கு,

அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? உங்கள் இருவருக்காகவும் இன்று கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. உன் அப்பாவும் நலம் என்று வழக்கம்போல எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீ அனுப்பிய புகையூட்டிய மீன் வந்து சேர்ந்தது. டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். மகள் அனுப்பினதா, நீ சாப்பிடு டோலரஸ் என்றார், அவ்வளவுதான். மீன் என்றால் முள்ளைக்கூட விடாத மனிதர். போனில் நீ கேட்கிறபோதெல்லாம் கேபிள் வழக்கு முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லிச் சமாளித்தேன். எப்படி முடிந்தது என்று இன்றைக்கு எழுதிவிடுகிறேன், யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அது எப்படி ஆரம்பித்தது என்று உனக்கே தெரியும். வெள்ளிக்கிழமை, கெடுவுக்குள்ளேயே, மருந்துக்கடையில் பில் பணம் வாங்குகிற கவுண்டரில் இவர் கட்டிய பணத்தை கேபிள் கம்பெனி செவ்வாய்க்கிழமை வரவு வைத்துவிட்டு, தாமதக் கட்டணம் ஐந்து டாலர் என்று போட்டது. குழாய் ஆலையில் வேலை பார்த்த காலம் முழுவதும் ஒரு நாள்கூடப் பிந்திப் போகாதவரை லேட் என்று சொல்லிவிட்டார்களாம்! அதுதான் குத்தியது, ஐந்து டாலர் இல்லை. அப்போதுதான் கோல்பி என்ற வக்கீல் பேப்பரில் விளம்பரம் போட்டிருந்தார், அபராதம் கட்டிய எல்லாருக்கும் சேர்த்து ஒரே வழக்கு, அதற்கு ஒருவர் பெயர் வேண்டும் என்று. இவர் தன் பெயரைக் கொடுத்தார். வழக்கின் தலையில் எமில் குபிக் என்று அச்சடித்து வந்த தாளை மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாரே, நான்கூடக் கேலி செய்தேன். அதன்பிறகு வீடு வீடாக ஏறி இறங்கி, பழைய பில்லைத் தேடிக் கொடுங்கள், உங்கள் பணத்தை வாங்கித் தருவது என் பொறுப்பு என்று எல்லாரிடமும் வாக்குக் கொடுத்தார். எதிர்வீட்டு லூ பெட்ரக்கா, நம்ம தெருவுக்கும் ஒரு வக்கீல் வந்துட்டான்டா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். ஆறு குளிர்காலம் இப்படியே போயிற்று.

போன கோடையில் கோல்பி கூப்பிட்டு, சமரசம் ஆகிவிட்டது என்றார். என்ன சமரசம் தெரியுமா? பணம் கிடையாது. இன்னும் கேபிள் வைத்திருப்பவர்களுக்கு சினிமாச் சேனல் ஒன்று இரண்டு மாதம் இலவசம். அபராதம் கட்ட முடியாமல் இணைப்பையே வெட்டிக்கொண்டவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஐந்து டாலர் அபராதமும் அப்படியே இருக்கும். வக்கீல்களுக்கு மட்டும் லட்சக்கணக்கில். உன் அப்பா போனிலேயே கத்தினார், என் பேர்ல கேஸு, என்னைக் கேக்காம நீங்க எப்படிய்யா முடிப்பீங்க என்று. அந்த மனிதர் நிதானமாக, பேருதான் உங்களுது எமில், கேஸு எல்லாருக்கும் பொது, நீங்க கையெழுத்துப் போடலைன்னாலும் ஜட்ஜ் சரின்னா முடிஞ்சது என்றாராம். அன்றைக்குத்தான் உன் அப்பாவுக்குத் தெரிந்தது, இத்தனை வருஷமும் தன் கையில் ஒன்றுமே இல்லை என்று. விடவில்லை, கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போய், தன் வழக்கைத் தானே எதிர்த்து எழுந்து நின்று பேசினார். நீதிபதி மரியாதையாகக் கேட்டு, நன்றி சொல்லி, உட்காரச் சொன்னார். சமரசம் நிறைவேறிவிட்டது.

அதோடு தொலைந்தது என்றிருந்தேன். இலவசம் முடிந்ததும் நாமே போன் பண்ணி அந்தச் சேனலை நிறுத்தவேண்டுமாம், இல்லாவிட்டால் பில்லில் ஏறிவிடும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. மூலைவீட்டு இர்மா ஸ்வெடாவுக்குக் கண் புரை, அவள் எங்கே படித்தாள்? ஜனவரியில் அவள் பில்லில் சேனலுக்கும் பணம் ஏறி, தாமதக் கட்டணமும் ஏறியிருந்தது. கேட்டாயா அநியாயத்தை! தாமதக் கட்டணத்துக்குப் போட்ட வழக்கில் கிடைத்த பரிசுக்குத் தாமதக் கட்டணம். நேராக நம் வீட்டுக்கு வந்து, நீதான் எமில் இதுக்கெல்லாம் காரணம் என்று அழுதுவிட்டுப் போனாள். அந்த வாரமே உன் அப்பாவுக்கு இரண்டாயிரம் டாலருக்கு ஒரு செக் வந்தது, வழக்குக்குப் பெயர் கொடுத்துச் சிரமப்பட்டவருக்குக் கோர்ட் அனுமதித்த வெகுமதியாம். இவர் கேட்கவே இல்லை லோரெயின், இப்படி ஒன்று உண்டென்றே இவருக்குத் தெரியாது. ஆனால் பேப்பரில் வந்துவிட்டது, மற்றவர்களுக்குச் சேனல், குபிக்குக்கு இரண்டாயிரம் என்று.

தவக்கால முதல் வெள்ளிக்கிழமை கோயில் கூடத்து மீன் சாப்பாட்டுக்குப் போனோம். நாங்கள் எப்போதும் உட்காருகிற மேசையில் இரண்டு நாற்காலிமீதும் கோட்டைப் போட்டு வைத்திருந்தார்கள், ஒருவரும் எடுக்கவில்லை. லூ தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, என்ன எமில், உனக்கு மீனு, எங்களுக்கு வாசனையா என்றான். கூடமே சிரித்தது. தட்டை எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தோம், அவர் ஒரு வாய்கூட வைக்கவில்லை.

திங்கட்கிழமை அந்தச் செக்கை மாற்றிக்கொண்டு வந்தார், அத்தனையும் ஐந்து டாலர் நோட்டு. பழைய பில் கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு உறை. வேண்டாம் எமில், தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன், பனியில் வழுக்கி வழுக்கி எல்லா வீட்டிலும் போட்டுவிட்டு வந்தார். சிலர் வைத்துக்கொண்டார்கள். சிலர் நம் வாசலில் வீசிவிட்டுப் போனார்கள், ஈரமான நோட்டுகளை நான்தான் குனிந்து பொறுக்கினேன். லூ மட்டும் உள்ளே வந்து உறையை மேசைமேல் வைத்து, எங்களை வித்த காசுல எங்களுக்கே பங்கு குடுக்கிறியா, நான் குடுத்த பழைய பில்லைத் திருப்பிக் குடு, அது போதும் என்றான். உன் அப்பா அலமாரியில் தேடி எடுத்து, மடிப்பை நீவிக் கொடுத்தார். உன் ஞானஸ்நானத்தில் உனக்கு ஞானத்தந்தையாக நின்றவன் லூ. அவன் போன பிறகு இவர் கேபிள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கம்பெனியில் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அணைந்த டிவி முன்னால்தான் உட்காருகிறார். சவரம் கிடையாது, பூசைக்கு வருவது கிடையாது, கூப்பிட்டால் பதில் கிடையாது. திரும்பி வந்த நோட்டுகள் மாவு டப்பாவில் கிடக்கின்றன. வீட்டைச் சூடாக்குகிற பழைய ஹீட்டர் எப்போது நிற்குமோ என்றிருக்கிறது, ஆனால் அந்தக் காசைத் தொட விடமாட்டேன் என்கிறார்.

நேற்று காலை அவரே எழுந்து சவரம் செய்து கோட்டை மாட்டினார். ஈஸ்டருக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லத்தான் கிளம்புகிறார் என்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மாவு டப்பாவைத் திறந்து கொஞ்சம் நோட்டு எடுத்தார், நானும் மாத்திரை வாங்குகிற சாக்கில் கூடவே போனேன். போனது மருந்துக்கடை கவுண்டருக்கு. கேபிளின் கடைசி பில் வந்து பிரிக்காமலே கிடந்து, தாமதக் கட்டணத்தோடு மறுபடி வந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. கவுண்டர் பெண்ணுக்கு இவரைத் தெரியும், பாவம், அதைப் பார்த்துப் பதறிப்போய், மிஸ்டர் குபிக், இதுல அஞ்சு டாலர் அபராதம் போட்டிருக்கான், நான் போன் பண்ணிப் பேசிப் பாக்கட்டுமா என்று கேட்டாள். உன் அப்பா ஐந்து டாலர் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார், மேலே இன்னும் ஒன்று வைத்தார். வேணாம்மா, லேட்டாயிடுச்சு, என் தப்புதான் என்றார்.

அவர் கத்தியிருந்தால், கவுண்டரில் ஓங்கி அடித்திருந்தால், நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்பேன் லோரெயின். அவர் ரசீதுகூட வாங்கவில்லை. இனி அவரை எதைச் சொல்லித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை, உன்னிடம் ஒளித்து என்ன ஆகப்போகிறது.

உடனே புறப்பட்டு வா என்று எழுதமாட்டேன், விமானக் கட்டணம் எனக்குத் தெரியும். ஈஸ்டர் அன்றைக்கு மறக்காமல் போன் செய். வழக்கைப் பற்றி மூச்சு விடாதே. அவர் எழுந்து வரமாட்டார், நான் ரிசீவரை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன், பதில் வராவிட்டாலும் நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே இரு. மாதா உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். மந்திரித்த குருத்தோலையில் ஒரு துண்டு உள்ளே வைத்திருக்கிறேன், அவர் வராததால் அவர் பங்கையும் நானே வாங்கிக்கொண்டு வந்தேன், இது அதிலிருந்து கிள்ளியது.

உன் அம்மா,
டோலரஸ் குபிக்